நாக்கிங்கா, வெறும் சத்தமா? டைமிங் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: நாலு சிலிண்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். 3,000 முதல் 3,400 ஆர்பிஎம் வரை லாகில் (ஈசியூ என்ற இன்ஜின் கணினியின் பதிவில்) நாக் சென்சார் நாக்கிங் எண்ணிக்கை காட்டுகிறது. டைமிங்கை (பிஸ்டன் உச்சிக்கு வருமுன் ஸ்பார்க் விடும் நேரம்) 3 டிகிரி குறைத்தேன், அப்புறம் இன்னும் 2 டிகிரி. எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. இன்னும் குறைக்கலாமா?

பதில்: வேண்டாம். இனி குறைத்தால் எக்ஸாஸ்ட் சூடு ஏறி டர்போதான் பாடுபடும்.

ஸ்பார்க் பற்றவைத்த தீ பரவி வந்து சேரும் முன்பே, சிலிண்டர் ஓரத்தில் மிஞ்சியிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகப் பற்றிக்கொள்வதுதான் நாக்கிங். ஸ்பார்க்கைத் தள்ளிப்போட்டால் அந்த மிச்சக் கலவையின் மேல் விழும் அழுத்தம் குறையும். நாக்கிங்கும் குறைந்தே ஆக வேண்டும். 5 டிகிரி குறைத்தும் அசையவில்லை என்றால் சென்சார் பிடிப்பது பெரும்பாலும் வேறு ஏதோ சத்தத்தை. சென்சார் என்பது பிளாக்கின் அதிர்வை மின்னழுத்தமாக மாற்றித் தரும் ஒரு பீசோ துண்டு, அவ்வளவுதான். அந்த அதிர்வு எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது.

இதை உறுதி செய்ய மூன்று சோதனை போதும். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி 3,200 ஆர்பிஎம் வரை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். சுமையே இல்லாத நிலையிலும் எண்ணிக்கை ஏறினால் அது நாக்கிங் இல்லை. அடுத்து, ஒரே ஆர்பிஎம்மை வெவ்வேறு கியரில் ஓட்டி லாக் எடுங்கள். உண்மையான நாக்கிங் சுமையையும் உள்ளே வரும் காற்றின் சூட்டையும் பொறுத்து மாறும். பொய்யானது ஆர்பிஎம்மையோ, ஒரு குறிப்பிட்ட கியரையோ, ரோட்டின் குலுக்கலையோ பிடித்துக்கொண்டு நிற்கும். மூன்றாவது, டேங்க் காலியாகும்போது இப்போது போடுவதைவிட அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டு, டைமிங்கைத் தொடாமல் அதே ஓட்டம். மாற்றமில்லை என்றால் சந்தேகம் தீர்ந்தது.

ஒரே ஒரு விதிவிலக்கு. ஸ்பார்க்குக்கு முன்பே கலவை பற்றும் ப்ரீ-இக்னிஷனும் டைமிங் குறைப்புக்கு அடங்காது. அதனால் பிளக்குகளைக் கழற்றி பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகளோ, பொடிப்பொடியாக மின்னும் அலுமினியத் துகள்களோ இருந்தால் உள்ளே அடி விழுகிறது. நான் சொன்னதை எல்லாம் ஒதுக்கிவிட்டு வண்டியை நிறுத்துங்கள். பீங்கான் சுத்தமாக இருந்தால் தேடலை வெளியே நடத்தலாம்.

முதலில் எக்ஸாஸ்ட். ஹீட் ஷீல்டை ஒவ்வொன்றாக விரலால் அசைத்துப் பாருங்கள். வெல்ட் புள்ளி விட்டுப்போன ஷீல்ட் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் அதிரும். டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் பைப்) மாற்றிய வண்டி என்றால், பைப் சப்ஃபிரேமைத் தொடும் இடத்தைத் தேடுங்கள். சுற்றிலும் துரு படிந்திருக்க, அங்கே மட்டும் உரசி உரசிப் பளபளவென்று ஒரு கீற்று இருக்கும். அதற்கப்புறம் ஆல்டர்னேட்டர் பிராக்கெட், டென்ஷனர், கெட்டியான இன்ஜின் மவுன்ட்.

எண்ணிக்கை ஒரே சிலிண்டரில் வந்தால் கதை வேறு. ஈசியூ எல்லா நேரமும் கேட்பதில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் டாப் டெட் சென்டர் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) தாண்டி ஏறக்குறைய 10 முதல் 60 டிகிரி வரை மட்டுமே கேட்கும். 1-3-4-2 என்ற வரிசையில் சிலிண்டர்கள் பற்றும் இன்ஜினில் முதல் சிலிண்டருக்கான அந்த நேரத்தில்தான் மூன்றாவது சிலிண்டரின் இன்டேக் வால்வும், நான்காவதின் எக்ஸாஸ்ட் வால்வும் போய் உட்காருகின்றன. ஆகவே முதல் சிலிண்டர் நாக்கிங் காட்டினால் மூன்றிலும் நான்கிலும் வால்வ் கிளியரன்ஸ் பாருங்கள். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றிய இன்ஜின்களில் இது அடிக்கடி வரும்; பலர் பார்க்காமல் விடும் இடமும் இதுதான்.

கேள்வி: இன்ஜினைக் கழற்றிப் பூட்டியபின் நாக்கிங் அதிகம் காட்டுகிறது. நாக் சென்சாரைப் பழைய இடத்திலேயேதான் மாட்டினேன். பிளாக்கிற்குப் பெயின்ட் அடித்தது காரணமாக இருக்குமா?

பதில்: இருக்கலாம். நடுவில் ஓட்டையுள்ள தட்டையான சென்சார் வெற்று உலோகத்தின் மேல் நேராக உட்கார வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டி எடுங்கள். வாஷர் போடக்கூடாது. எம்8 போல்ட், இறுக்கும் டார்க் பெரும்பாலும் 20 நியூட்டன் மீட்டர் அளவில். உங்கள் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுவே கணக்கு. கையால் ‘நல்லா டைட்’ வைப்பது இங்கே உதவாது, ஏனென்றால் இறுக்கம் மாறினால் சென்சாரின் உணர்திறனும் மாறும். ஒயரை இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் ஒயர்களோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்து ஓட்டுங்கள். ஒயரைச் சுற்றியுள்ள உலோக உறையை (ஷீல்டு) ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்ய வேண்டும், இரண்டு முனையிலும் அல்ல.

கேள்வி: 86 மி.மீ. போரை (சிலிண்டர் விட்டம்) 87 ஆக்கியிருக்கிறோம். ஈசியூவில் நாக்கிங் சத்தத்தை மட்டும் பிரித்தெடுக்கும் நாக் ஃபில்டர் அலைவரிசையை மாற்ற வேண்டுமா?

பதில்: தேவையில்லை. 900-ஐ பையாலும், மி.மீ. கணக்கில் போரின் ஆரத்தாலும் வகுத்தால் நாக்கிங் சத்தத்தின் தோராயமான அலைவரிசை கிலோஹெர்ட்ஸில் வரும். 86-க்கு 6.7, 87-க்கு 6.6. கலவையின் சூடு மாறினாலே அந்த அளவு நகர்ந்துவிடும். 70 மி.மீ. போருக்கு இது 8.2, 100 மி.மீ. போருக்கு 5.7, வேறு இன்ஜினின் மேப்பை அப்படியே ஏற்றியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அடிப்படை அலைவரிசையில் இன்ஜின் சத்தம் அதிகமாகக் கலந்தால், அதற்கு ஏறக்குறைய 1.7 மடங்கில் இருக்கும் அடுத்த அலைவரிசையில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: டைமிங் லைட்டில் (ஸ்பார்க் விடும்போது மின்னி புல்லியின் அடையாளத்தைக் காட்டும் விளக்கு) 10 டிகிரி சரியாக நிற்கிறது. ஆனால் ஆர்பிஎம் ஏற்றினால் அடையாளம் மெல்ல நகர்கிறது. ஈசியூவில் டைமிங்கை மாறாமல் பூட்டி வைத்துத்தான் பார்க்கிறேன்.

பதில்: பூட்டிய டைமிங் நகரக்கூடாது. கிராங்க் சிக்னல் வரும் வழியில் தாமதம் இருக்கிறது. 100 மைக்ரோசெகண்ட் தாமதம் என்பது 1,000 ஆர்பிஎம்மில் வெறும் 0.6 டிகிரி, கண்ணுக்கே தெரியாது. 6,000-இல் அதுவே 3.6 டிகிரி. ஈசியூவில் இதற்கென்று ஈடுகட்டும் அமைப்பு இருந்தால் அங்கே சரிசெய்யுங்கள். காந்தச் சுருள் சென்சார் என்றால் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்த நகர்வுக்கு அதுவும் வழக்கமான காரணம்.

அதோடு அந்த 10 டிகிரியையே நம்பலாமா என்பதும் ஒரு கேள்வி. ரப்பர் வைத்த புல்லியில் வெளி வளையம் நாளடைவில் வழுக்கிச் சுற்றிக்கொள்ளும், அடையாளமும் கூடவே போய்விடும். பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் மாட்டி, கையால் கிராங்கை இரு பக்கமும் மெதுவாகச் சுழற்றி, பிஸ்டன் முட்டும் இரண்டு இடங்களையும் குறியுங்கள். அவற்றின் நட்டநடுதான் உண்மையான டாப் டெட் சென்டர். வேஸ்ட் ஸ்பார்க் அமைப்பு (ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு கூடுதல் ஸ்பார்க் விடுவது) என்றால் இன்னொன்று: டயல் வைத்த சில டைமிங் லைட்டுகள் அதில் இரட்டிப்பாகக் காட்டும். டயலைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, புல்லியில் டிகிரி டேப் ஒட்டிப் படிப்பது நல்லது.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் நாக்கிங் காட்டி, சூடானதும் மறைந்துவிடுகிறது. ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் போட்டிருக்கிறேன்.

பதில்: பிஸ்டன் சத்தம். ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு இடைவெளி அதிகம் விட்டிருப்பார்கள். குளிரில் சுவரில் தட்டும், விரிந்ததும் அடங்கிவிடும். கூலண்ட் சூடாகும்வரை நாக்கிங் கட்டுப்பாடு வேலை செய்யாமலிருக்க ஈசியூவில் அமைத்துவிடுங்கள், அதுவரை ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் ஓட்டுங்கள்.

கேள்வி: நாக்கிங் வரும்வரை அட்வான்ஸ் ஏற்றி (ஸ்பார்க்கை முன்கூட்டியே விட்டு), அங்கிருந்து 2 டிகிரி குறைத்தால் அதுதான் சரியான டைமிங் என்கிறார்கள். சரியா?

பதில்: எல்லா இன்ஜினுக்கும் இது பொருந்தாது. சிலிண்டர் அழுத்தம் டாப் டெட் சென்டர் தாண்டி 15 டிகிரி வாக்கில் உச்சத்தைத் தொட்டால் இன்ஜினின் டார்க் (சுழற்றும் விசை) அதிகபட்சம் கிடைக்கும். நல்ல ஆக்டேன், குறைந்த கம்ப்ரஷன் என்றால் நாக்கிங் வருவதற்கு வெகு முன்பே அந்த இடம் வந்துவிடும். அதைத் தாண்டி ஏற்றும் ஒவ்வொரு டிகிரிக்கும் டார்க் குறைந்து, பேரிங்கின் மேல் சுமைதான் கூடும். நாக்கிங் இல்லை என்பதாலேயே டைமிங் சரி என்று ஆகிவிடாது.

டைனோவில் (இன்ஜின் டார்க்கை அளக்கும் மேடை) ஆர்பிஎம்மையும் சுமையையும் நிலையாக வைத்து ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். உச்சத்துக்குப் பக்கத்தில் கோடு தட்டையாக இருக்கும். 2 டிகிரி பின்தங்கினால் போவது ஒரு சதவீத டார்க் அளவுதான். அதனால் ஏறுவது நின்ற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். உயர் கம்ப்ரஷன், டர்போ இன்ஜின்களில் உச்சம் வருமுன் நாக்கிங் வந்துவிடும். அங்கே நீங்கள் கேட்ட முறைதான் நடைமுறை, ஆனால் வெயில் நாளுக்கும் மட்டமான பெட்ரோலுக்கும் 2 டிகிரி போதாது. நான் 3 அல்லது 4 விடுவேன்.

கேள்வி: சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டு ஒரு ரெசிஸ்டர் போட்டால்?

பதில்: செய்யாதீர்கள். பொய் நாக்கிங்கோடு உண்மையானதும் சேர்ந்து மறைந்துவிடும்.

கேள்வி: நேரடி இன்ஜெக்ஷன் டர்போ வண்டி. டாப் கியரில் 1,600 ஆர்பிஎம்மில் முழுசாக மிதித்தால் எப்போதாவது ஒரே ஒரு ‘டங்’. டைமிங் குறைத்தும் பலனில்லை.

பதில்: குறைந்த வேக ப்ரீ-இக்னிஷன் போலிருக்கிறது. எண்ணெய்த் துளியோ கரித்துகளோ ஸ்பார்க்குக்கு முன்பே பற்றிக்கொள்கிறது; ஓர் அடியே பிஸ்டன் வளையத்தின் மேட்டை உடைக்கப் போதும். ஆயிலில் கால்சியம் டிடர்ஜென்ட் அதிகமானால் இது கூடும். இதற்காகவே 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ் என்ற ஆயில் தரம் வந்தது, 2020-இல் எஸ்பி வந்தது. எஸ்பி ஆயில் போடுங்கள், அந்த வேகத்தில் கியரைக் குறைத்துவிட்டு மிதியுங்கள்.

கேள்வி: லாக்கை மட்டும் நம்பாமல் காதால் கேட்க எளிய வழி உண்டா?

பதில்: உண்டு. ஒரு செம்புக் குழாயின் முனையைத் தட்டித் தட்டையாக்கி, துளை போட்டு, நாக் சென்சாருக்குப் பக்கத்தில் பிளாக்கில் போல்ட் செய்யுங்கள். மறுமுனையில் ரப்பர் ஹோஸ் மாட்டி, சத்தம் தடுக்கும் இயர் மஃப்புக்குள் கொண்டுவாருங்கள். முதலில் லேசான சுமையில் ஓட்டி, வால்வ், இன்ஜெக்டர் சத்தத்தைக் காதுக்குப் பழக்குங்கள். நாக்கிங் அதிலிருந்து கூர்மையாக, ‘டிக்’ என்று தனித்துத் தெரியும். ஓட்டுவது வேறொருவராக இருக்கட்டும், நீங்கள் பக்கத்து சீட்டில் லாப்டாப்போடு உட்காருங்கள். ‘டிக்’ கேட்கும் ஒவ்வொரு முறையும் லாகில் ஒரு குறி போடுங்கள். சென்சார் எண்ணிக்கையும் உங்கள் குறியும் எங்கே ஒத்துப்போகவில்லையோ, அந்த ஆர்பிஎம்மில் ஃபில்டரையோ, நாக்கிங் என்று எண்ணும் வரம்பையோ திருத்தினால் போதும்.