சிவப்புப் பட்டை வந்து மக்ரோ ஓடவில்லையா?

வணக்கம் தம்பி. சம்பளப் பட்டியல் எக்செல் கோப்பை மின்னஞ்சலில் எடுத்துப் புதிய கணினியில் திறந்தால் சிவப்புப் பட்டை வருகிறது, நீங்கள் அமைத்த பொத்தான்களையும் காணவில்லை, நிர்வாகிக் கடவுச்சொல்லோ கொழும்புத் தலைமை அலுவலகத்தில். யாழ்ப்பாணக் கிளையில் கேட்க ஆளில்லை என்கிறீர்கள். இவை இரண்டு வேறு கோளாறுகள்.

சிவப்புப் பட்டைக்கு உங்கள் மக்ரோ (கோப்புக்குள் வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) காரணமல்ல. இணையவழி வந்த கோப்பில் விண்டோஸ் ஓர் அடையாளம் இட்டுவிடுகிறது. 2022 முதல் எக்செல் அத்தகைய கோப்பின் மக்ரோவை அடியோடு தடுக்கிறது. வழக்கமான மஞ்சள் எச்சரிக்கைப் பட்டையில் அனுமதிக்கும் பொத்தான் இருக்கும், சிவப்பில் இராது. கோப்பைக் கணினியில் சேமித்து மூடிவிட்டு, அதன்மேல் வலது சொடுக்கிப் 'புரொபர்ட்டீஸ்' திறவுங்கள். 'ஜெனரல்' பக்கத்தின் அடியில் 'அன்பிளாக்' என்று ஒரு சிறு கட்டம் தெரியும். அதில் குறியிட்டு 'ஓகே' கொடுங்கள். பெரும்பாலும் கடவுச்சொல் கேட்காது.

ரிப்பனில், அதாவது எக்செலின் மேலே உள்ள கட்டளைப் பட்டையில், சேர்த்த பொத்தான்கள் கோப்போடு வருவதில்லை. பழைய கணினியில் 'கஸ்டமைஸ் ரிப்பன்' பக்கத்திலிருந்து அவற்றை ஏற்றுமதி செய்து எடுத்துவாருங்கள். எக்செல் 2003 காலத்துக் கருவிப்பட்டையென்றால் 'ஆட்-இன்ஸ்' தாவலில் ஒதுங்கியிருக்கும்.

'அன்பிளாக்' கட்டமே இல்லையென்றால் அது நிர்வாகி இட்ட கட்டுப்பாடாக இருக்கலாம். தயவுசெய்து குறுக்குவழி தேடாதீர்கள், சம்பள விவரம் உள்ள கணினி அது. "மக்ரோவைத் திறந்துவிடுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் மறுத்துவிடுவார்கள். ஒரேயொரு கோப்புறையை நம்பகமான இடமாக (மக்ரோவை எக்செல் தடுக்காத இடமாக) சேர்க்கும்படி, அதன் முழுப் பாதையையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.