காலில்லாத வயலின்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கர்நாடக சங்கீதம் கேட்பேன், வாசிக்கத் தெரியாது. ஓய்வு நேரத்தில் நம் கச்சேரிகளுக்கென்று ஒரு எலெக்ட்ரிக் வயலின் வரைந்துகொண்டிருக்கிறேன். தேவையில்லாத எதுவும் அதில் இருக்கக்கூடாது என்பது என் பிடிவாதம். மரக்கூடு இல்லை, இடுப்பு வளைவு இல்லை, சுருள் தலை இல்லை. ஒரு கார்பன் ஃபைபர் தண்டு, அதன்மேல் ஃபிங்கர்போர்டு, தந்திகளைத் தாங்கும் குதிரை, குதிரைக்கடியில் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பீசோ பிக்கப். சுருதி சேர்க்கும் திருகுகள் வால் பக்கம். நீளம் 49 செ.மீ., எடை 400 கிராமுக்குள். குறைவே நிறைவு! படங்களை இணைத்திருக்கிறேன். நான்கு தந்தியோடு நிறுத்தலாமா, மந்தர ஸ்தாயிக்காக, அதாவது கீழ்ச் சுரங்களுக்காக, ஐந்தாவது சேர்க்கலாமா? நம் சபாக்கள் இதை ஏற்றுக்கொள்ளுமா?

கே., கோவை

அன்புள்ள கே.,

உங்கள் படங்களை இரண்டு நாளாகத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அழகாக இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பம்ப் கம்பெனியில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து வயலின் வரைகிற ஒருவர் எனக்கு மிகவும் வேண்டியவர். போன வாரம்தான் பரணிலிருந்து என் பழைய வயலின் பெட்டியை இறக்கினேன். வில்லில் ஒரு மயிர் மிச்சமில்லை, பூச்சி தின்றுவிட்டது. அதைத் துடைத்து வைத்த கையோடு உங்கள் கடிதத்தைத் திறந்தால், முதல் படத்திலேயே தலையை வெட்டியிருக்கிறீர்கள்.

சபா கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கையில் இருந்தது எலெக்ட்ரிக் மாண்டலின், தந்தி ஐந்து. கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனோடு வந்தார். வயலினே மணலியில் பாலுஸ்வாமி தீட்சிதர் ஒரு வெள்ளைக்காரரிடம் கற்றுக்கொண்டு நம் பக்கம் கொண்டுவந்ததாகத்தான் சொல்கிறார்கள். வாசிப்பு நன்றாக இருந்தால் ஏற்பார்கள். இதற்கெல்லாம் ராத்தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பீசோ பற்றி ஒரே வரி: குறைந்தது ஒரு மெகா ஓம் உள்ளீட்டு மின்தடை கொண்ட ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) வையுங்கள். இல்லையென்றால் கீழ்ச் சத்தமெல்லாம் வடிந்துபோய்த் தகர டப்பா மாதிரி கேட்கும். உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இனி தலைக்கு வருகிறேன். ஐரோப்பாவில் வயலினின் சுருள் தலை ஒரு சிங்காரம். தந்தியை முறுக்கும் பிரடைகள் இருக்கும் பெட்டி தேவை, அதன் நுனியில் இருக்கும் சுருள் தச்சனின் கைவரிசை. அங்கே வாசிப்பவர் நிற்கிறார், அல்லது நாற்காலியில் அமர்கிறார். மோவாய்க்கும் தோளுக்கும் நடுவே வயலினைக் கவ்விக்கொள்கிறார், தலை காற்றில் நிற்கிறது. வெட்டினால் பார்வைக்குத்தான் நஷ்டம். நம் வீணையின் யாளி முகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அதே வயலின் இங்கே வந்து பாயில் உட்கார்ந்தது. சம்மணம் போட்டு, வலது காலைச் சற்றே முன்னால் நீட்டி, சுருளைக் கணுக்காலருகே ஊன்றி, வாலை மார்பில் சாய்த்தார்கள். மோவாய்க்கு வேலை போயிற்று. இடது கைக்கும் வயலினைத் தூக்கிப் பிடிக்கும் வேலை போயிற்று. அந்தக் கை முழுக்க முழுக்க கமகத்துக்கென்று, சுரங்களை அசைக்கவும் வழுக்கவுமென்று, விடுதலையானது. மேல் ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரே ஜாருவில் வழுக்கி இறங்க முடிகிறது என்றால், வயலின் இரண்டு இடத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்பதால்தான். கடல் தாண்டி வந்த சிங்காரம் இங்கே காலாகிவிட்டது, கே. நீங்கள் வெட்டியிருப்பது அந்தக் காலை.

முழு வயலின் ஏறக்குறைய 60 செ.மீ. உங்களுடையது 49. மிச்சம் 11 செ.மீ. உங்கள் வித்வானின் கணுக்காலுக்கும் வயலினுக்கும் நடுவில் வெறும் காற்றாக இருக்கிறது. திருகுகளை வேறு வால் பக்கம் கொண்டுபோயிருக்கிறீர்கள். வால் எங்கே இருக்கும்? காறை எலும்புக்குக் கீழே. ஒவ்வொரு ஜாருவுக்கும் நான்கு திருகும் நெஞ்சில் குத்தும். இதையெல்லாம் செய்துவிட்டு மோவாய்த் தாங்கியை மட்டும் பத்திரமாக விட்டு வைத்திருக்கிறீர்களே, அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. 1820 வாக்கில் ஜெர்மனியின் லூயி ஷ்போர் தன் மோவாய்க்காகக் கண்டுபிடித்த சாமான் அது. நம் கச்சேரி மேடையில் அதன்மேல் மோவாய் வைப்பவரை எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள்? வெளிநாட்டு கேட்லாக்கை முன்னால் வைத்துக்கொண்டு வரைந்தால் இப்படித்தான் ஆகும். எட்டுப் படங்கள் அனுப்பியிருக்கிறீர்கள். ஒன்றில்கூட ஒரு மனிதக் கால் இல்லை.

எனக்குப் பதினொரு வயதில் கும்பகோணத்தில் வயலின் சொல்லிக்கொடுத்தவருக்கு வலது கணுக்காலின் உட்பக்கம் ஒரு காய்ப்பு உண்டு. எட்டணா அளவு, கறுத்து, வழவழவென்று இருக்கும். நாற்பது வருஷம் சுருள் உட்கார்ந்த இடம். பக்கத்தில் ஒரு பழைய தைல டப்பாவின் மூடியில் தேங்காயெண்ணெய். இடது கை விரல்களை அதில் தொட்டுக்கொண்டு, கட்டைவிரலால் ஒவ்வொரு நுனியையும் ஒருமுறை தேய்த்துவிட்டுத்தான் தந்தியில் வைப்பார். நான் மோகன வர்ணத்தில் முதல் ஜாரு போட்டபோது கை போன பக்கம் வயலினும் சேர்ந்து வந்து, குதிரை சாய்ந்து, தந்திகள் தொளதொளவென்று ஆகிவிட்டன. அடி விழும் என்று பார்த்தேன். அவர் என் காலைப் பிடித்து அரை அடி முன்னால் இழுத்து, சுருளை எடுத்துக் கணுவில் வைத்து அழுத்தினார். "தலை கால்ல இருக்கட்டும்டா. கையை நான் பாத்துக்கறேன்." அவ்வளவுதான் சொன்னார். அதற்கப்புறம் மூன்று வருஷம் கற்றும் எனக்குக் கை வரவில்லை, அது வேறு கதை. கால் வந்தது. பக்கத்தில் மிருதங்கம் இடிக்கும்போது என் வயலின் காதில் விழாது, கணுக்கால் எலும்பில் விழும். நெஞ்செலும்பில் விழும். சுருதி சேர்ந்திருக்கிறதா என்பதை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் தண்டில் பிக்கப் ஸ்பீக்கருக்குத் தகவல் சொல்லும். எலும்புக்கு யார் சொல்வது?

"குறைவே நிறைவு" என்று ஆச்சரியக்குறியோடு எழுதியிருக்கிறீர்கள். இப்போது காபிக் கடைச் சுவரிலெல்லாம் அதைத்தான் எழுதி வைக்கிறார்கள், காபி மட்டும் 200 ரூபாய். மைசூர் சௌடய்யா ஏழு தந்தி வயலின் வாசித்தார், தெரியுமில்லையா? மைக் இல்லாத காலம். பின் வரிசைக்குச் சத்தம் போகவில்லை என்பதற்காக மூன்று தந்திகளைக் கூடச் சேர்த்துக்கொண்டார். மைக் வந்தது, ஊர் நான்கு தந்தியோடு நின்றது. அதற்கு மினிமலிசம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. பெங்களூரில் அவர் பெயரிலிருக்கும் அரங்கத்தையே வயலின் வடிவத்தில் கட்டியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், வயலின் வித்வான் எல். சங்கர் 1980இல் அமெரிக்காவில் கிதார் செய்பவரான கென் பார்க்கரைக் கொண்டு இரட்டைக் கழுத்தும் பத்துத் தந்தியுமாக ஒரு எலெக்ட்ரிக் வயலின் செய்துகொண்டார். இருவருக்கும் தங்கள் வாசிப்பில் எது போதவில்லை என்று தெரிந்திருந்தது. உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பது குற்றமில்லை. வாசிக்கிற ஒருவரை எதிரில் உட்காரவைக்காமல் வரைந்ததுதான் குற்றம்.

கூட்டை எடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதன் தோள் இருந்த இடத்தில் ஒரு சின்ன மேடாவது வேண்டும். மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது உள்ளங்கை அதில்தான் முட்டும், கண்ணில்லாமல் இடம் தெரிவது அதனால்தான். மோவாய்த் தாங்கியைக் கழற்றி எறியுங்கள், எடை இன்னும் குறையும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கார்பன் ஃபைபரைத் தொடாதீர்கள். ஒரு பழைய விளக்குமாற்றுக் கட்டையை 60 செ.மீ.க்கு அறுத்துக்கொள்ளுங்கள். கோவையில் வயலின் சொல்லித்தருகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய், கட்டையை அவர் கையில் கொடுத்து, கீழே உட்கார்ந்து வயலின் மாதிரி பிடிக்கச் சொல்லுங்கள். பைத்தியம் என்று நினைப்பார், பரவாயில்லை. அவர் உடம்பு கட்டையைத் தொடுகிற ஒவ்வொரு இடத்திலும் கரித்துண்டால் ஒரு கோடு போடுங்கள். காபி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள். அந்தக் கட்டையைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். தந்தி நான்கா ஐந்தா என்பதை அப்புறம் பேசலாம்.