கலிஃபோர்னியாவில் உயிரியல் படிக்க, சமுதாயக் கல்லூரியில் தொடங்கிப் பின்பு பல்கலைக்கழகத்துக்கு மாறலாமா?

உங்கள் மகன் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கவிருக்கிறான், உயிரியல் படிக்க விரும்புகிறான், விரும்பிய வளாகங்களில் இடம் கிடைக்கவில்லை, சமுதாயக் கல்லூரி என்றதும் உறவினர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக மாறலாம் என்பதே என் பதில். நானும் அந்த வழியாகத்தான் வந்தேன். ஆனால் இரண்டு ஆண்டில் முடிய வேண்டிய படிப்பை மூன்று ஆண்டில் முடித்தவன் என்பதால், அந்த ஓராண்டு எங்கே போனது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்றால் தொழிற்பயிற்சி தரும் சிறு நிறுவனம் என்றே பொருள் கொள்கிறார்கள். ஊரிலுள்ள உங்கள் உறவினர்களின் தயக்கத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கலிஃபோர்னியாவில் நிலைமை வேறு. 1960-இல் வகுக்கப்பட்ட உயர்கல்வித் திட்டத்திலேயே, சமுதாயக் கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டுகளைப் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேரும் பாதை இடம்பெற்றிருக்கிறது. இன்று அப்படி 116 கல்லூரிகள் இருக்கின்றன. மனித மரபணுத் தொகுதியைப் படித்தறியும் போட்டியில் அரசுத் திட்டத்துக்கு ஈடு கொடுத்த கிரெய்க் வென்டர், வியட்நாம் போரிலிருந்து திரும்பியதும் சேர்ந்தது சான் மட்டேயோ கல்லூரி என்ற சமுதாயக் கல்லூரியில்தான். அங்கிருந்துதான் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்துக்குப் போனார். முகம் சுளிப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

செலவைப் பற்றி நீங்களே கணக்குப் போட்டிருப்பீர்கள். மாநிலத்தில் வசிப்பவராகக் கணக்கிடப்படும் மாணவருக்கு ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடத்தின் அளவைக் குறிக்கும் ஓர் அலகுக்கு, 46 டாலர். ஆண்டுக்கு 30 யூனிட் எடுத்தால் 1,380 டாலர். நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அங்கே கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 12,000 டாலருக்கு மேல் இருந்தது. ஆனால் குடும்ப வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமே கல்விக் கட்டணத்தை உதவித்தொகையால் ஈடுகட்டிவிடும். ஆகவே பணத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பதானால், அந்த உதவி உங்களுக்குக் கிடைக்குமா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

இனி, நான் இழந்த ஆண்டுக்கு வருகிறேன். 2014-இல் கல்லூரியில் சேர்ந்தபோது, கல்லூரியின் ஆலோசகர், “முதலில் பொதுப்பாடங்களை முடித்துவிடு, அறிவியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றார். ஆங்கிலம், வரலாறு, உளவியல் என்று முதல் செமஸ்டர் இனிமையாகக் கழிந்தது. வரலாறோ சமூகவியலோ படிப்பவருக்கு அது நல்ல அறிவுரையாக இருந்திருக்கும். உயிரியல் படிப்பவருக்கு அது பொருந்தாது. ஏனென்றால் உயிரியலின் நேரக்கணக்கை நிர்ணயிப்பது வேதியியல். பொது வேதியியல் இரண்டு செமஸ்டர், அதை முடித்தவர்களுக்கு மட்டுமே கரிம வேதியியல் இரண்டு செமஸ்டர் என்று, ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே எடுக்கக்கூடிய நான்கு பாடங்கள் அவை. இரண்டு ஆண்டில் இருப்பதும் நான்கே செமஸ்டர்கள்தான். செல் உயிரியல் பாடத்துக்கும் முதல் வேதியியல் பாடம் முடித்திருக்க வேண்டும் என்பது எங்கள் கல்லூரியின் விதி. ஆக முதல் செமஸ்டரில் வேதியியலில் இடம் கிடைக்காதவருக்கு, கோடைக்காலத்தில் ஈடுகட்டினாலொழிய, இரண்டாண்டுக் கணக்கு அன்றைக்கே கலைந்துவிடுகிறது.

அடுத்த செமஸ்டரில் நான் விழித்துக்கொண்டபோது வேதியியல் வகுப்புகள் நிரம்பிவிட்டிருந்தன. ஆய்வகத்தில் 24 பேருக்குத்தான் இடம். காத்திருப்போர் பட்டியலில் நான் பத்தொன்பதாவது. யூனிட் அதிகம் சேர்த்தவர்கள் முன்பாகப் பதிவு செய்வார்கள், புதியவர்கள் கடைசியில்தான் பதிவு செய்ய முடியும் என்பதெல்லாம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முதல் நாள் வகுப்புக்கே நேரில் போய், சுவரோரமாக நின்று, வராதவர்களின் இடத்துக்காகப் பேராசிரியரிடம் கேட்பவர்களுக்கு, அந்த வகுப்பில் பதிவு செய்ய அனுமதிக்கும் சேர்க்கை எண் கிடைப்பதுண்டு. அதையும் செய்தேன், அன்று எங்களைப் போல் நின்றவர்கள் பன்னிரண்டு பேர், உள்ளே போனவர்கள் இருவர். 2015-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில்தான் எனக்கு இடம் கிடைத்தது. 2017 மே மாதம் கரிம வேதியியலை முடித்து, அந்த ஆண்டு செப்டம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் சேர்ந்தேன்.

மற்ற நடைமுறைகளில் இவ்வளவு சிக்கல் இல்லை. உங்கள் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த வளாகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்பதை ‘அசிஸ்ட்’ என்ற அரசுத் தளம் வளாகம் வாரியாகக் காட்டும். ஆலோசகர் சொல்வதையும் அதில் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. கல்லூரிக்கும் வளாகத்துக்கும் இடையிலான இந்தப் பாட ஒப்பந்தங்கள் பலவற்றில் உயிரியல் தொடர் முழுவதும் சேர்ந்தே ஈடாகக் கொள்ளப்படுகிறது. ஒரு பாடத்தை இங்கேயும் அடுத்ததை அங்கேயும் படிக்கலாம் என்று பாதியில் விட்டால், பல்கலைக்கழகத்தில் முதலிலிருந்து உட்கார நேரிடும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்களைச் சேர்க்கும் ஒன்பது வளாகங்களில் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறும், குறித்த பாடங்களையும் மதிப்பெண்ணையும் எட்டியவருக்கு இடம் உறுதி என்ற ஒப்பந்தத்தைத் தருகின்றன. ஒரு வளாகத்துக்கு மட்டுமே, அதுவும் சேருவதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில், அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றிலும் அந்த உறுதி கிடையாது.

கல்வித் தரம் எப்படி இருக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். செல் உயிரியல் ஆய்வகத்தில், ஜெல்லிமீனிலிருந்து எடுத்த ஒளிரும் புரதத்தின் மரபணுவை ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் ஏற்றும் பயிற்சி. பனிக்கட்டியில் இருக்கும் குழாயை எடுத்து, 42 டிகிரி வெந்நீரில் சரியாக 50 வினாடி வைத்து, உடனே மீண்டும் பனிக்கட்டியில் செருக வேண்டும். நான் பக்கத்திலிருந்தவனோடு பேசிக்கொண்டே இரண்டு நிமிடம் விட்டுவிட்டேன். மறுவாரம் புற ஊதா விளக்கின் கீழ் எல்லோருடைய பெட்ரி தட்டும் பச்சையாக மினுங்க, என் தட்டில் இரண்டே இரண்டு புள்ளிகள். பேராசிரியர் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை, நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, “மற்றவை ஏன் செத்தன என்பது உனக்கே தெரியும். இந்த இரண்டும் எப்படிப் பிழைத்தன, அதைச் சொல்” என்றார். அரை மணி நேரம் பேசினோம். முனைவர் பட்டம் பெற்ற ஒருவர், உதவியாளர் யாருமில்லாமல், தானே பாடம் நடத்தி, தானே ஆய்வகத்திலும் நிற்பது சமுதாயக் கல்லூரியில் சாதாரணம். டேவிஸில் நான் உட்கார்ந்த விரிவுரை அரங்குகளில் சில நூறு பேர் இருந்தார்கள், ஆய்வகத்தை நடத்தியவர்கள் முனைவர் பட்ட மாணவர்கள். அவர்களும் நன்றாகவே நடத்தினார்கள் என்றாலும், அப்படி ஒரு அரை மணி நேரம் எனக்கு அங்கே வாய்க்கவில்லை.

இழப்பும் உண்டு, மறைக்க மாட்டேன். பதினேழு வார செமஸ்டருக்குப் பழகியவனுக்குப் பத்து வாரக் காலாண்டில் நான்காம் வாரமே இடைத்தேர்வு வந்து நின்றது. உயிர்வேதியியலின் முதல் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே எழுதப்போவதில்லை. அதைவிடப் பெரிய இழப்பு ஆராய்ச்சி அனுபவம். முதலாண்டிலேயே வளாகத்தில் இருப்பவர்கள், நம்முடைய முதல் நாளுக்குள் ஆய்வுக் கூடங்களில் இடம் பிடித்துவிடுகிறார்கள். நமக்கு மீதியிருப்பது ஆறே காலாண்டுகள். ஆகவே சேருவதற்கு முந்தைய கோடையிலேயே பேராசிரியர்களுக்கு எழுதத் தொடங்க வேண்டும். பதினான்கு பேருக்கு எழுதினேன். ஒருவர் மட்டும் பதில் போட்டார். அந்தத் தாவரவியல் கூடத்தில் முதல் இரண்டு மாதம் கண்ணாடிக் குடுவை கழுவினேன். பிறகு அரபிடாப்சிஸ் என்ற சிறு ஆய்வுச் செடியின், கண்ணுக்கே சரியாகத் தெரியாத விதைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் பரப்பினேன். இன்று எனக்குச் சோறு போடும் வேலை அங்கே கற்றதுதான்.

மகனுக்கு மருத்துவம் படிக்கும் எண்ணமிருந்தால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் மாறியதும் அங்கே மதிப்பெண் சராசரி புதிதாகத் தொடங்கும். ஆனால் மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் சமுதாயக் கல்லூரியின் ஒவ்வொரு மதிப்பெண்ணும் திரும்ப வந்து சேரும். அங்கே எடுத்த ‘சி’ எங்கேயும் போய்விடுவதில்லை.

அவனுடைய பதிவுத் தேதி எது என்று இன்றே கல்லூரித் தளத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளியில் படித்த வேதியியலும் கணக்கும் பொது வேதியியலில் நேரடியாக அமரப் போதுமா, தகுதித் தேர்வு எழுத வேண்டுமா என்பதைப் பதிவுக்கு முன்பே முடித்துக்கொள்ளட்டும். பதிவு திறக்கும் நிமிடத்தில் முதலில் சேர்க்க வேண்டியது வேதியியல், அடுத்தது கணக்கு. வரலாற்று வகுப்பில் ஆகஸ்ட் மாதம்கூட இடமிருக்கும்.