கெண்டையைத் தடுத்தால் செடி வருமா? கூட்ஸ் பாரடைஸ்: கேள்வி பதில்

ஒன்ராறியோ ஏரியின் மேற்குக் கோடியில், கனடாவின் ஹாமில்டன் நகரை ஒட்டி இருக்கிறது கூட்ஸ் பாரடைஸ் சதுப்புநிலம். அதன் நீருக்கடிச் செடிகளைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: செடிகள் ஏன் அழிந்தன, ஐயா?

அடிவரை வெளிச்சம் போகாததால். கழிவுநீரில் வந்த சத்துகளால் மிதக்கும் பாசி பெருகியது. அப்புறம் சாதாக் கெண்டை. 19ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது. சேற்றை உறிஞ்சி, புழுவைத் தின்றுவிட்டு, மிச்சத்தைத் துப்பும். வேரும் பிடுங்கிக்கொள்ளும், தண்ணீரும் கலங்கிவிடும்.

கேள்வி: கெண்டையை மட்டும் எப்படித் தடுக்கிறார்கள்? மற்ற மீன்கள் மாட்டாதா?

துறைமுகத்திலிருந்து சதுப்புநிலத்துக்குள் வரும் வாய்க்காலில் 1997 முதல் ஒரு தடுப்பு இயங்குகிறது. கம்பிகளுக்கு நடுவே சுமார் 5 சென்டிமீட்டர் இடைவெளி. சின்ன மீன் தானே போய்வரும். பெரியவை கூண்டில் சேரும். சதுப்புநிலத்தைப் பராமரிக்கும் ராயல் தாவரவியல் பூங்கா ஊழியர்கள் கூண்டைத் தூக்கிக் கையால் பிரித்து, உள்ளூர் மீன்களை உள்ளே விடுகிறார்கள். கெண்டையைத் துறைமுகத்துக்கே திருப்பிவிடுகிறார்கள். ஆண்டுதோறும் பொறுமையாகச் செய்யும் இந்த வேலைக்கு என் மனமார்ந்த வணக்கம். பக்கத்துக் கிரைண்ட்ஸ்டோன் ஓடையில், பண்டிகை முடிந்த கிறிஸ்துமஸ் மரங்களை அடுக்கியே கெண்டைக்குத் தடுப்புக் கட்டினார்கள்.

கேள்வி: சரி, கெண்டை குறைந்ததும் செடி வந்துவிட்டதா?

சில இடங்களில் வந்தது, எல்லா இடத்திலும் இல்லை. கழிவுநீர் நிற்கவில்லையே! 2014 முதல் 2018 வரை, நகரத்தின் கழிவுநீர்த் தொட்டி ஒன்றின் மதகு கொஞ்சம் திறந்தே கிடந்தது. செடோக் ஓடை வழியாக சுமார் 2,400 கோடி லிட்டர் உள்ளே போனது. 2019இல்தான் மக்களுக்கு இது முழுதாகத் தெரிந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேள்வி: நாற்று வளர்த்து நட்டுவிடலாமே?

கலங்கிய தண்ணீரில் நட்டால் காசுதான் போகும். கறுப்பு வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள். கண்ணுக்கு மறையும் ஆழத்தைவிட வெகுவாக ஆழமான இடத்தில் நடாதீர்கள். நட்டதைச் சுற்றி வலை கட்டுங்கள். வாலிஸ்னேரியா என்ற நீருக்கடிச் செடியின் நாடா இலைகள் குளிர்காலத்தில் மடிந்துவிடும்; சேற்றுக்குள் இருக்கும் மொட்டுதான் அடுத்த வசந்தத்தில் துளிர்க்கும். கெண்டை கிளறினால் அந்த மொட்டும் போச்சு. ஒரு திட்டு பிடித்துவிட்டால் அலை தணியும், சேறு படியும், இலைகளுக்குள் ஒளியும் நீர்த்தெள்ளுகள் என்ற நுண்ணிய உயிர்கள் பாசியைத் தின்னும்.

கேள்வி: தண்ணீர் தேறுகிறது என்று எந்தச் செடியைப் பார்த்துச் சொல்லலாம்?

சேகோ பாண்ட்வீட் கலங்கலிலும் வளரும், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். செடிபோலத் தெரியும் காரா என்ற அடிப்பாசி வந்தால் நம்பலாம், தெளிந்த நீரில்தான் அது படரும்.