முகமூடி இருக்கும்போது ரேடியேஷனுக்கு எதற்கு த்ரீடி பிரிண்ட்?

அப்பாவுக்கு மூக்கில் தோல் புற்றுநோய், ரேடியேஷனுக்கு முகமூடி செய்தாயிற்று, அதற்குமேல் த்ரீடி பிரிண்டரில் ஒரு துண்டும் செய்கிறார்களே, எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் வேலை வேறு.

முகமூடி தலை அசையாமல் இருக்கத்தான். பிளாஸ்டிக் தகட்டைச் சுமார் 70 டிகிரி வெந்நீரில் இளக்கி முகத்தில் படிய வைத்து, மேசையோடு பூட்டுவார்கள்.

அந்தத் துண்டின் பெயர் போலஸ். 6 எம்.வி. (மெகாவோல்ட், கதிரின் வலிமையைக் குறிப்பது) எக்ஸ்ரே கதிர் தோலில் முழு அளவைத் தராது, சுமார் 1.5 செ.மீ. உள்ளே போன பிறகுதான் உச்சத்தைத் தொடும். நோயோ தோலிலேயே இருக்கிறது. அதனால் சதைக்கு நிகரான பொருளை மேலே வைத்து, அந்த உச்சத்தைத் தோலுக்குக் கொண்டுவருகிறார்கள். வழக்கமான ஜெல் தகடு நெஞ்சில் நன்றாகவே படியும். மூக்கின் மடல் கன்னத்தோடு சேரும் மடிப்பில் படியாது. அங்கே காற்று இடைவெளி விழுந்தால் தோலுக்குச் சேர வேண்டிய அளவு குறையும். அந்த இடைவெளி தினம் ஒரு மாதிரி மாறுவது இன்னும் மோசம். சிடி ஸ்கேனில் இருந்தே வடிவம் எடுத்து அச்சிட்டால் துண்டு மடிப்போடு ஒட்டி உட்காரும், தினமும் ஒரே இடத்தில்.

அச்சிட்ட துண்டையும் சிடியில் வைத்துச் சரிபார்த்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள். உள்ளே வெற்றிடம் இருந்தால் கணக்கு தப்பும். அப்புறம், சிகிச்சை நடுவில் முகம் வீங்கினாலோ அப்பா மெலிந்தாலோ பொருத்தம் மாறிவிடும்; இறுக்கமோ தளர்வோ தெரிந்தால் அன்றே டெக்னீஷியனிடம் சொல்லச் சொல்லுங்கள்.