நாலரை மணி டீயை விட்டுப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 43 வயது. ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். காலை 5 மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு 9 மணிக்குக் கிளம்பினால், வீடு திரும்ப இரவு 8 ஆகிறது. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை, நடுவில் நாலைந்து டீ. படுத்தாலும் 12 மணிக்கு மேல்தான் தூக்கம் வருகிறது. அதுவரை செல்போன். காலையில் அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறேன். தினமும் செய்யக்கூடிய எளிய பழக்கங்கள் சொல்லுங்கள். மகள் யோகா வகுப்பில் சேரச் சொல்கிறாள். சேரலாமா? (ஈரோடு வாசகி)

பதில்: உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 12 மணிக்கு மேல் தூங்கி 5 மணிக்கு எழுந்தால் ஐந்து மணி நேரம்கூடத் தேறவில்லை. இந்த வயதில் ஏழு மணி நேரமாவது வேண்டும். ஆக, எரிந்து விழுவது உங்கள் குணம் என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது தூக்கம் போதாததால் வருவது.

நான்கு மணிக்கே எழுந்து தியானம், அப்புறம் மூச்சுப் பயிற்சி, அப்புறம் டைரி என்று யூடியூபில் சொல்வார்கள். சமையலை வேறு யாரோ பார்த்துக்கொள்ளும் வீடுகளுக்கு அது சரி. உங்களுக்கு நான் புதிதாக எந்த வேலையும் கொடுக்கப்போவதில்லை. இருக்கிற வேலைகளின் நேரத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும்.

முதலில் டீ. தூக்கத்தை விரட்டுவது அதிலுள்ள காஃபின். குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சிலருக்கு இன்னும் கூடுதல். கடையில் மாலை நாலரைக்கோ ஐந்துக்கோ ஒரு டீ வருமே, அதில் பாதி நீங்கள் படுக்கப்போகும்போதும் ரத்தத்தில் இருக்கும். மதியம் 2 மணிக்கு மேல் டீ வேண்டாம். சாயங்காலம் எல்லோரும் குடிக்கும்போது கை சும்மா இருக்காது என்றால் சுக்கு மல்லி காபி குடியுங்கள், பெயரில்தான் காபி. சாப்பாட்டோடு சேர்த்து டீ குடிப்பதையும் நிறுத்துங்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர விடாமல் அது தடுக்கும். சர்க்கரையையும் எண்ணிவிடுங்கள். ஐந்து டீக்கு இரண்டு ஸ்பூன் வீதம் பத்து ஸ்பூன், ஏறக்குறைய 40 கிராம்.

அடுத்தது காலை வெளிச்சம். இதை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. விழித்திரையில் சில செல்கள் இருக்கின்றன. வெளிச்சம் எவ்வளவு என்று மூளைக்குச் சொல்வதுதான் அவற்றின் முக்கிய வேலை. அதை வைத்துத்தான் மூளையில் உள்ள கடிகாரம் இரவில் எப்போது தூக்கம் வரவேண்டும் என்று முடிவு செய்கிறது. டியூப்லைட் போட்ட சமையலறையில் கிடைப்பது சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). மேகமூட்டமான காலையில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். நீங்களோ அடுப்படியில் தொடங்கி, பஸ்ஸில் போய், கடைக்குள் உட்கார்ந்துவிடுகிறீர்கள். துணி காயப்போடுவதைக் காலை 7 மணிக்கு மொட்டைமாடிக்கு மாற்றுங்கள். 15 நிமிடம் போதும்.

நடப்பதற்குத் தனியாக நேரம் தேட வேண்டாம். மதியம் சாப்பிட்டவுடன் பத்து நிமிடம் நடந்தால், கால் தசைகள் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். மூன்று மணித் தூக்கக் கலக்கமும் குறையலாம். மாலையில் ஒரு ஸ்டாப் முன்னதாக இறங்கிவிடுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது: அந்த வேகம்தான் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம். குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து நடந்தால்தான் சேரும் என்ற பழைய நிபந்தனையையும் 2020-ல் எடுத்துவிட்டார்கள். அரசு மாவட்டம்தோறும் 8 கி.மீ. நடைபாதை அமைத்திருப்பது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த எட்டைப் பார்த்து மலைத்துப்போய் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

செல்போன் பற்றி உங்களுக்கே தெரியும். சார்ஜரைக் கூடத்துக்கு மாற்றிவிடுங்கள், வேறு உபதேசம் இல்லை. அலாரத்துக்கு 200 ரூபாய் கடிகாரம் போதும். ஞாயிற்றுக்கிழமையும் கூடுமானவரை அதே நேரத்துக்கு எழுங்கள்.

21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்பார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரைக் கவனித்துப் பார்த்தபோது சிலருக்கு 18 நாளிலேயே பழகியது, சிலருக்கு 250 நாளுக்கு மேலும் ஆகும் என்று தெரிந்தது. நடுத்தரமாக 66 நாள். ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. அதனால் முதல் இரண்டு வாரம் டீயும் மொட்டைமாடியும் மட்டும். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

இதற்கிடையில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் நான்கையும் பார்த்துவிடுங்கள். ரத்தசோகையை எந்த நடைப்பயிற்சியும் சரிசெய்யாது. குறட்டை அதிகம் என்று வீட்டில் சொன்னால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எதிலும் மனம் ஒட்டாமல், அழுகையாகவே இரண்டு வாரத்துக்கு மேல் போனால் 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனைச் சேவை, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே பேசுங்கள்.

யோகா வகுப்பா? தாராளமாகச் சேரலாம். ஆனால் காலை 5 மணி வகுப்பு வேண்டாம். மாலை வகுப்பு இருக்கிறதா என்று மகளையே விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். அந்த நாட்களில் இரவுச் சமையல் அவள் பொறுப்பு.