கொறங்காட்டுப் புற்கள்: கேள்வி பதில்

ஐப்பசி மழைக்குப் பின், கொறங்காடு எனப்படும் கொங்கு நாட்டு மேய்ச்சல் காடுகளில் புல் கதிர் விட்டு நிற்கும் இந்நாள்களில், காட்டுப் புற்களை இனம் காணக் கற்றுவரும் அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மூலனூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவரும் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவருமான ஒருவர் அளித்த விடைகள்.

பிள்ளையாருக்கு அருகம்புல் பறிக்கையில் கோரையும் கலந்துவிடுகிறது. எளிதாகப் பிரிப்பது எப்படி? (இல்லத்தரசி, ஈரோடு)

தண்டை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பாருங்கள், அம்மா. கோரையின் பூந்தண்டு முப்பட்டையாக இருப்பதால் விரலில் தடுக்கித் தடுக்கி உருளும். அதில் கணு தென்படாது. புல்லின் தண்டில் கணுக்கள் புடைத்துத் தெரியும். இலைகள் இரண்டே வரிசையில் மாறி மாறி அமைந்திருக்கும். கோரைக்கு இலைகள் மூன்று வரிசை. அதன் குடும்பமே வேறு. ‘கோரைப்புல்’ என்பது நம் பேச்சு வழக்கு மட்டுமே.

கொழுக்கட்டைப் புல் என்று எங்கள் ஊரில் இரண்டு செடிகளைக் காட்டுகிறார்கள். எது சரி? (பள்ளி ஆசிரியை, தாராபுரம்)

இரண்டும் சரியே. சென்க்ரஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த இரு இனங்களை மேய்ச்சல்காரர்கள் ஒரே பெயரால் அழைக்கிறார்கள். மாட்டுக்கு இரண்டும் நல்ல தீவனம் என்பதால் அவர்களுக்குப் பிரிக்க வேண்டிய தேவை எழவில்லை. நாம் பிரிக்க வேண்டுமானால், கதிரிலிருந்து விதையை மூடிய ஒரு சிறு பொதியை உதிர்த்து, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்சில் பார்க்க வேண்டும். பொதியைச் சூழ்ந்த மயிர்கள் நீண்டு, மென்மையாக, ஏறக்குறைய அடிவரை தனித்தனியாகப் பிரிந்து நின்றால் அது சென்க்ரஸ் சிலியாரிஸ். அவை குட்டையாகவும் விறைப்பாகவும், அடியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிண்ணம்போலவும் இருந்தால் சென்க்ரஸ் செட்டிஜெரஸ். லென்ஸ் இல்லாவிட்டாலும் தொட்டறியலாம். என் அம்மாயி கதிரைக் கையால் உருவியே இது ‘மெத்து’, இது ‘சொரசொரப்பு’ என்று சொல்லிவிடுவார்.

சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் இந்தப் புல் என்று அமைந்ததுதான் நம் கொறங்காடு. மழை குறைந்த இந்நிலத்தில், கோடையில் மேற்பகுதி முழுதும் காய்ந்தாலும் தூர் உயிரோடிருந்து அடுத்த மழைக்குத் துளிர்ப்பதால்தான் காங்கேயம் மாடுகளுக்கு இது நிலையான மேய்ச்சலாக நின்றது. ஆகவே இதைக் களை என்று எழுதும் கையேடுகளை நான் முழுமையாக நம்புவதில்லை.

விரல் விரித்ததுபோன்ற கதிரைப் பல புற்களில் பார்க்கிறேன். எல்லாம் அருகுதானா? (திருப்பூர்)

இல்லை. அருகின் விரல்கள் மெலிந்தவை, பெரும்பாலும் மூன்று முதல் ஆறு. காக்காய்க்கால் புல்லில் விரல்கள் தடித்திருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் பூவற்ற சிறு கூர் நகம்போல் நீண்டிருக்கும். சாலையோரங்களில் செவ்வூதா நிறத்தில் பஞ்சுபோல் தெரிவது குளோரிஸ் பார்பட்டா.

மலையடிவாரத்தில் நடந்தால் வேட்டியில் ஈட்டிபோல் ஏறிக்கொள்ளும் விதை எது? (பொள்ளாச்சி)

விதையின் உமி நுனியிலிருந்து நீளும் இழைகளை எண்ணுங்கள். மூன்றாகக் கிளைத்திருந்தால் அரிஸ்டிடா. கரும்பழுப்பு நிறத்தில் ஒன்றே ஒன்று நீண்டு, பக்கத்து விதைகளின் இழைகளோடு முறுக்கிக்கொண்டு சடைபோல் நின்றால் ஹெட்டிரோபோகன் கண்டார்டஸ். இரண்டையும் ‘ஊசிப்புல்’ என்று அழைப்பவர்கள் உண்டு என்பதால் ஊர்ப்பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஹெட்டிரோபோகன் விதை ஒன்றை ஈரமான உள்ளங்கையில் வைத்தால், முறுக்கிய இழை நீரை வாங்கி மெல்லச் சுழன்று பிரிவதைக் காணலாம். காய்ந்தால் மீண்டும் முறுக்கும். இந்தச் சுழற்சியால்தான் விதை தன் கூரிய அடியை மண்ணுக்குள் திருகி இறக்குகிறது.

‘புல்லைப் பார்த்து என்ன பயன்?’ என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். என்ன சொல்வது? (கல்லூரி மாணவர், கோவை)

உங்கள் ஊர்க் கதையையே சொல்லுங்கள், தம்பி. 1912இல் கோவையில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் தாவரவியலாளர்கள் பார்பரும் வெங்கட்ராமனும், தடித்த இனிப்புக் கரும்பை, ஆற்றோரங்களில் வளரும் சாக்கரம் ஸ்பாண்டேனியம் என்னும் காட்டுப் புல்லோடு இனக்கலப்புச் செய்தார்கள். நாம் நாணல் என்றும் பேய்க்கரும்பு என்றும் ஒதுக்குகிற புல் அது. அதன் கடுமையைத் தாங்கும் திறனும் கரும்பின் இனிப்பும் சேர்ந்து பிறந்த கோ 205, 1918இல் வெளியாகி வட இந்திய வயல்களுக்குச் சென்றது. பெயரிலுள்ள ‘கோ’ கோயம்புத்தூர்தான்.

படம் அனுப்பினால் பெயர் சொல்வீர்களா? (கரூர்)

கதிரில்லாத படத்துக்குப் பெயர் சொல்வது ஊகம். அதை நான் செய்வதில்லை. முழுச் செடி, கதிர் மிக நெருக்கத்தில், இலையும் இலையுறையும் சேருமிடம் ஆகிய மூன்றையும் படமெடுங்கள். அந்தச் சேருமிடத்தின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு இருக்கிறதா, மயிர் வரிசை இருக்கிறதா என்பதே பல புற்களைப் பிரித்துவிடும். மாதிரி எடுத்தால் வேரோடு எடுத்து, செய்தித்தாளுக்குள் அழுத்தி, ஊர், நாள், மண்ணின் தன்மை ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். அப்படி முறையாக உலர்த்திய மாதிரியாக இருந்தால், கோவையில் இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையத்திலுள்ள உலர்தாவரத் தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்க்க அனுமதி கேட்கலாம்.